ஏரிக்கரை வளைவில் கொடுத்த சைடு

போன மாதம் எங்கள் ஷெட்டுக்குப் புதிதாக இரண்டு பஸ் வந்தன. பின்பக்கம் இரண்டு மூலையிலும் ஆரஞ்சு நிற விளக்கு. டிரைவர் ஒரு குமிழைத் தட்டினால் அது கண்ணடிக்கிறது. இனிமேல் ஜன்னலுக்கு வெளியே கை நீட்ட வேண்டியதில்லையாம். எனக்கு வழியனுப்பு டீ கொடுக்கக் கூடியிருந்த இளவட்டங்கள் அதைக் காட்டி, இத்தனை வருஷம் மழையில் நனைந்த என் கைக்கு இப்போதுதான் விடிவு என்று கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது ஒருவன் கேட்டான்: "ஒரு தடவகூட நீ தப்பா கை போட்டது இல்லியாண்ணே?"

டீ புரையேறிவிட்டது. முதுகில் தட்டினார்கள். அந்தக் கலவரத்தில் பதில் சொல்லாமல் தப்பித்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில் ஏன் ஓய்வு என்று கேட்பீர்கள். எதிரே வருவது லாரியா, கோயில் யானையா என்று சந்தேகம் வர ஆரம்பித்ததும் நானே போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். வழக்கமான வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து அவர் சிரித்தார். கண் டாக்டர் சிரிக்கவில்லை.

வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில் லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டக் கற்றுக்கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தேன். நடுவில் எழுதும்படி ஒன்றுமில்லை. லைசென்ஸ் பரீட்சையில் பின்பக்கமாக ஓட்டிக் காட்டச் சொன்னபோது அதிகாரி நின்றிருந்த திசையிலேயே ஓட்டினேன். பாஸ் போட்டுவிட்டுத்தான் அவர் ஓடினார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் இரண்டாவது தடவைதான் பாஸ் ஆனேன்.

என் ரூட் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு. அப்போது அந்த ரோட்டில் நடுவே ஒரு வண்டி போகிற அகலத்துக்குத்தான் தார். இரண்டு பக்கமும் மண். பின்னால் வருகிறவன் முந்த வேண்டுமென்றால் ஹாரன் அடித்து சைடு கேட்பான். முன்னால் போகிறவன் இடது பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கி வழிவிடுவான். இறக்கியதும் கிளம்பும் பாருங்கள் தூசி, பின்னால் இருப்பவனுக்கு ரோடும் கிடையாது, மரமும் கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். முன்னால் இருப்பவன் எதிரே நன்றாகப் பார்த்து, காலி என்று தெரிந்த பிறகு, வலது கையை ஜன்னலுக்கு வெளியே தாழ நீட்டி, பின்னாலிருந்து முன்னால் வீசுவான். இதற்குப் பெயர் கை போடுவது. கை விழுந்ததும் பின்னால் இருப்பவன் யோசிக்க மாட்டான். மிதித்து ஏறிவிடுவான். அந்த நேரத்துக்கு அவனுடைய கண் அடுத்தவன் முகத்தில் இருக்கிறது.

சட்டப்படி எது நடந்தாலும் முந்துகிறவன்தான் பொறுப்பு. ரோட்டு நியாயப்படி கை போட்டவன் பொறுப்பு. ஆனால் அந்தக் கையைப் பற்றி எவனும் ஆபீசில் வாய் திறக்க மாட்டான். ஒருத்தன் அப்படிப் போய்ச் சொல்லிவிட்டான் என்றால் அப்புறம் அவனுக்கு எவனும் கை போட மாட்டான். ஆயுசுக்கும் தூசி தின்றுகொண்டே ஓட்ட வேண்டியதுதான்.

எனக்குப் பத்து நிமிஷம் பின்னால் கிளம்பும் பஸ் துலுக்காணத்துடையது. எங்கள் கம்பெனிதான். நல்ல டிரைவர். கியர் மாற்றுவது காதுக்கே தெரியாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம். பத்து நிமிஷ இடைவெளியைப் பாதி வழியில் தின்றுவிட்டு, முன்னால் போகிறவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்வான். ஒரு வண்டி நீளம்கூட விடமாட்டான். கேட்டால் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தான். ஒட்டி வந்தால் தூசி நம் தலைக்கு மேலே போய்விடுமாம், தள்ளி வந்தால்தான் மூக்கில் ஏறுமாம். பாதி உண்மை. முன்னால் போகிற வண்டி தாரிலேயே இருக்கும் வரைக்கும் உண்மை.

அவன் பின்னால் ஒட்டி வந்தால் எனக்கு நடப்பது வேறு. கண்ணாடியில் பார்த்தால் மரம், வயல், ஆகாயம் எதுவும் தெரியாது. அவன் பஸ்ஸின் முன்பக்கக் கம்பி வரிசை மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பயத்தில் எனக்கு மூன்றாவது கியர் எங்கே இருக்கிறது என்று மறந்துவிடும். கியர் என்று நினைத்து ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்தவரின் குடைப்பிடியை இழுத்துவிட்டேன். அவர் குடையைக் கொடுக்கவில்லை. நான் விடவும் இல்லை. கண்டக்டர் மஸ்தான்தான் வந்து பிரித்துவிட்டார். இவ்வளவு பயத்தையும் மறைக்க நான் வாய் ஓயாமல் வேடிக்கை பேசுவேன். கலகலப்பான டிரைவர் என்று ஜனங்களுக்கு என்மேல் பிரியம். மஸ்தானுக்கு மட்டும் விஷயம் தெரியும். நான் அதிகமாகப் பேசினால் அவர் பின்பக்கக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார்.

அன்று முகூர்த்த நாள். விடிந்து இரண்டு மணி நேரம் இருக்கும். வாலாஜாபாத்துக்குப் போகிற ஒரு கல்யாண கோஷ்டியை ஏற்றியதில் நேரமாகிவிட்டது. சேலை மூட்டை கொண்டுபோகிற நெசவுக்காரர்கள், திருமுக்கூடல் போகிறவர்கள் என்று படி வரைக்கும் கூட்டம். ஊரைத் தாண்டி நாலு மைல் போவதற்குள் கண்ணாடியில் கம்பி வரிசை வந்துவிட்டது. ஹாரன் அடித்தான். எனக்கு எதிரே இரண்டு மாட்டு வண்டி, வழிவிட இடமில்லை. மறுபடி அடித்தான். அடுத்து ஒரு சைக்கிள் கூட்டம். மறுபடி. நான் பேச ஆரம்பித்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் மாப்பிள்ளையின் உயரத்தை விசாரித்தேன், பதில் வருவதற்குள் மறுபடியும் அதையே விசாரித்தேன்.

வாலாஜாபாத்துக்கு முன்னால் ரோடு ஓர் ஏரிக்கரை மேல் ஏறி வளையும். இடது பக்கம் புளியமரங்கள், வலது பக்கம் ஏரி. வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரியாது. அங்கே எவனும் சைடு கேட்கவும் மாட்டான், கொடுக்கவும் மாட்டான். துலுக்காணம் அங்கே கேட்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் கேட்டதுதான். என் காதில்தான் ஹாரன் நிற்கவே இல்லை. இவன் போய்த் தொலைந்தால் போதும் என்று இருந்தது. இடது சக்கரங்களை மண்ணில் இறக்கினேன். கையை வெளியே நீட்டி வீசினேன். அதற்குப் பிறகுதான் எதிரே பார்த்தேன்.

வளைவில் தவிட்டு மூட்டை ஏற்றிய ரெட்டை மாட்டு வண்டி. ரோட்டு நடுவில், சாவகாசமாக.

துலுக்காணம் என் பக்கத்தில் ஏறிவிட்டான். எதிரே வண்டி. இடது பக்கம் நான், என்னோடு எழுபது பேர். அவன் வலது பக்கம் ஒடித்தான். பஸ் கரையிலிருந்து சரிந்து இறங்கி, ஏரிச் சேற்றில் முன்சக்கரம் புதைந்து நின்றது. நல்ல வேளையாகத் தண்ணீர் முழங்காலுக்குமேல் இல்லை. கவிழவும் இல்லை. மாடுகள் மிரண்டு நின்றன. வண்டிக்காரர் அப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுந்தார்.

நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஓடினேன் என்று எழுத ஆசை. ஓடவில்லை. வண்டி நின்றது, நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். ஜனங்கள் எல்லாரும் இறங்கி ஓடினார்கள். மஸ்தான் என் பக்கத்தில் வந்து நின்றார். சாதாரணமாக எதற்கும் சத்தம் போடுகிற மனிதர், அன்று மெதுவாகச் சொன்னார்: "கைய உள்ள இழுபா."

என் கை இன்னும் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

அப்புறம் இறங்கினேன். பதினைந்து பேருக்கு மேல் காயம். ஓர் அம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. நெற்றியில் ரத்தம் வழிய ஒரு நெசவுக்காரர் சேலை மூட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சேற்றில் நின்றார். நேற்றுதான் தறியிலிருந்து அறுத்ததாம். மூட்டையை நான் வாங்கிக்கொண்ட பிறகுதான் நெற்றியைத் துடைத்தார். துலுக்காணத்தை நாலு பேர் தூக்கி வந்தார்கள். வலது கால் தொடைக்குக் கீழே முறிந்திருந்தது. போகும்போது என்னைப் பார்த்தான்.

நாலாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு சாத்துக்குடி வாங்கினேன். வாசலில் நின்று பயத்தில் நாலை உரித்துத் தின்றுவிட்டேன். இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துலுக்காணம் காலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி.

"நான் பாக்காம கை போட்டுட்டேன்பா" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"பாத்துட்டுப் போட்டிருந்தா நான் இன்னாத்துக்கு இங்க படுத்துக்கினு இருக்கேன்?" என்றான். அப்புறம், "நானும் உன் முதுகு மேலதான ஏறிக்கினு வந்தேன். தள்ளி வந்திருந்தா நின்னிருப்பேன். நானாதான் ஏறினேன்னு ஆபீஸ்லேந்து வந்தவங்ககிட்ட சொல்லிட்டேன். நீ இத தூக்கிக்கினு எங்கயும் போவாத" என்றான்.

அவனை வேலையிலிருந்து எடுத்துவிடுவது என்று முதலாளி முடிவு செய்துவிட்டதும், லைசென்ஸையும் ரத்து செய்யச் சொல்லி எழுதப் போவதும் எனக்கு அவன் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. வெளியே வரைக்கும் வந்தார். "இதுக்கு வேற வேலை எதுவும் வராதுண்ணா. எங்கண்ணன் ஒருதரம் தறியில உக்கார வச்சாரு. ஒரே நாள்ல பாவு நூல் மொத்தத்தையும் சிக்காக்கி வச்சுது" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசாரணை செங்கல்வராயன் சார் கையில் இருந்தது. எங்கள் செக்கிங் இன்ஸ்பெக்டர். ஒல்லியான மனிதர். அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை. ஒரே கேள்வியை மூன்று தனித்தனி நாட்களில் கேட்பார். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால்தான் எழுதுவார். எழுதுவதும் பென்சிலில். மையால் எழுதுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தூங்கி எழ வேண்டும் என்பார். அதனால் அவர் எழுதியதை எந்த டிரைவரும் இல்லை என்று சொன்னதில்லை.

அவர் அறைக்கு முதல் நாள் போனேன். லீவு கேட்டேன். கொடுத்தார். மறுநாள் லீவில் இருந்தவன் போய் நின்றேன். என் பஸ்ஸுக்குப் புது ஹாரன் வேண்டும் என்றேன். இருக்கிற ஹாரனுக்கு என்ன என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் நான் வாசலில் தலையைக் காட்டியதும் அவரே பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னிக்கு இன்னா வேணும், ஏகாம்பரம்?"

சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில். துலுக்காணம் சொல்லாததையும், நான் பார்க்காமல் போட்டதையும். அவர் திட்டவில்லை. ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்று மட்டும் கேட்டார். தூக்கத்தில் கை போடுகிறேன், அடி தாங்காமல் என் வீட்டுக்காரி இரண்டு நாளாக அடுப்பங்கரையில் படுக்கிறாள் என்றேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நடந்ததே அதுதான். அவரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மத்தியானம் இரண்டு காலி பஸ்ஸை எடுக்கச் சொன்னார். ஒன்றில் நான். பின்னால் இன்னொரு டிரைவர், அவர் பக்கத்தில் செங்கல்வராயன் சார். ஏரிக்கரையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொடியோடு ஆள் நிறுத்தி ரோட்டை மறித்தார். அன்று எந்த இடத்தில் மண்ணில் இறக்கினேனோ அங்கே இறக்க வேண்டும். எப்போது கை போட்டேனோ அப்போது போட வேண்டும். பின்னால் வருகிற பஸ் துலுக்காணம் வந்த அளவுக்கு ஒட்டி வரும், ஆனால் முந்தாது. மூன்று தடவை அப்படி ஓடினோம். மூன்று தடவையும் அவர் இறங்கி வந்து, நான் கை போட்ட இடத்திலிருந்து வளைவு வரைக்கும் காலடி வைத்து நடந்து எண்ணினார். கை போடும்போது என் கண் எங்கே இருந்தது என்று மூன்று தடவை கேட்டார். கண்ணாடியில் என்று மூன்று தடவை சொன்னேன்.

கடைசித் தடவை அவர் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றபோது தலை, புருவம், சட்டை எல்லாம் தூசியில் வெளுத்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"அங்க இருந்து பாத்தா ஏரி இல்லப்பா, மரம் இல்ல, உன் பஸ்ஸுகூட சரியா இல்ல. உன் கை ஒண்ணுதான் இருந்தது. நானே ஏறியிருப்பேன்" என்றார்.

அப்புறம் கேட்டார். "எழுதட்டுமா?"

எழுதினால் என் வேலை போகலாம். என் வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். எழுதுங்கள் சார் என்று சொன்னேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. திருவிழாவில் தொலைந்த ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. அவர் பென்சிலை எடுத்தார். தூங்கி எழுந்து மையால் எழுதினார்.

முதலாளி அதை இரண்டு தடவை படித்தாராம். படித்ததோடு விடாமல் செங்கல்வராயன் சாரைக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டாராம். உண்மை சொன்னவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அடுத்த விசாரணையில் நான் எதை எழுதுவது என்று இவர் கேட்டாராம். அவ்வளவுதான் நடந்தது என்று மேனேஜர் பின்னால் சொன்னார். துலுக்காணம் மேல் நடவடிக்கை நிறுத்தப்பட்டது. கால் சரியானதும் வேலைக்கு வரலாம். எனக்கு ஆறு மாதம் ஸ்டியரிங் கிடையாது. ஷெட்டில் வண்டி கழுவ வேண்டும். கழுவினேன். மற்றவர்களுக்கும் ஒரு புது விதி வந்தது. சைடு கொடுக்கிறவன் முதலில் வண்டியை அடியோடு நிறுத்த வேண்டும், தூசி அடங்கிய பிறகுதான் கை போட வேண்டும். பின்னால் வருகிறவன் பத்து வண்டி நீளம் தள்ளி வர வேண்டும். டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் என்னைக் குறை சொல்லவில்லை. கையை ஆபீசுக்கு இழுத்தவன் என்று என்னை ஒதுக்குவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். இழுத்தது அடுத்தவன் கையை இல்லையே, அவனவன் கையை அவன் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று மஸ்தான் டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் அன்று ஏரிக்கரையில் பார்த்ததைச் செங்கல்வராயன் சார் கேட்டபோதுகூட, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்று சொன்னவர். எனக்காகச் சொன்ன அந்தப் பொய்க்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இதைப் படித்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆறு மாதம் கழித்து ஸ்டியரிங் கிடைத்தது. அதே ரூட். ஒரு மாதம் போனது. ஒருநாள் ஷெட்டில் பார்த்தால், துலுக்காணம் காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நடந்து வந்து, எனக்குப் பத்து நிமிஷம் பின்னால் கிளம்புகிற அதே பஸ்ஸில் ஏறினான். அன்று ஸ்டாப்பிங்கில் நின்ற ஒவ்வொருவரிடமும் குடும்ப விவரம் கேட்டேன்.

வாலாஜாபாத் தாண்டி என் பஸ்ஸில் ரேடியேட்டர் சூடாகி ஆவி வர ஆரம்பித்தது. மெதுவாகப் போனேன். கண்ணாடியில் வந்தான். ரொம்ப தூரத்தில், ஒரு தீப்பெட்டி அளவுக்கு. கிட்டே வரவில்லை. நான் மெதுவாகப் போக, அவனும் அதே தூரத்தில் மெதுவாக வந்தான். நேரான ரோடு வந்ததும் ஒரே ஒரு ஹாரன். அதுவும் சின்னதாக.

மண்ணில் இறக்கினேன். அடியோடு நிறுத்தினேன். தூசி அடங்கியது. கை போகவில்லை. நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன், கை மடியில் கிடக்கிறது. பின்னால் சைடு கேட்கிறான் என்று மஸ்தான் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். கதவைத் திறந்து இறங்கினேன். ரோட்டு நடுவில் போய் நின்று எதிர்த் திசையில் கண்ணுக்கு எட்டின வரைக்கும் பார்த்தேன். நாலு அடி முன்னால் போய் இன்னும் பார்த்தேன். ஒரு நாய்கூட இல்லை. திரும்பி இரண்டு கையையும் தூக்கி வா வா என்று ஆட்டினேன். என் பஸ்ஸில் ஜனங்கள் சிரித்தார்கள். அவன் அசையவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான்.

"நடு ரோட்ல நின்னுக்கினு இன்னாபா ஆட்டற? மேல ஏறி உக்காந்து கை போடு. நான் வரேன்."

ஏறி உட்கார்ந்தேன். மறுபடியும் எதிரே பார்த்தேன். கையை வெளியே நீட்டி வீசினேன்.

பத்து வண்டி நீளம் தள்ளி நின்றிருந்தவன் கியரைப் போட்டு நேராக வந்தான். என்னைத் தாண்டும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். என் கையைப் பார்த்த பிறகு வேறு எதையும் சரிபார்க்கிற முகமாக அது இல்லை. தாண்டிப் போய்ச் சீராக ஓடினான். நான் தள்ளி, மெதுவாகப் பின்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் எதிரே எதற்கோ அவன் ஒதுங்கியிருக்க வேண்டும், தூசி கிளம்பி எல்லாவற்றையும் மறைத்தது. அந்த வெள்ளையிலிருந்து அவன் கை ஜன்னலுக்கு வெளியே நேராக மேலே எழுந்து, உள்ளங்கையை விரித்து, நில் என்றது.

என்ன வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நின்றேன்.